மரத்தால் செய்து, சிவப்பாக்கி...

எட்டு வேற்றுமைக்கே திணறியவன் நான். 14 வேற்றுமைகள் கொண்ட எஸ்தோனிய மொழியின்மீது எனக்கு ஆசை வந்தது வியப்புத்தான். இலக்கணம் ஒருபுறம் இருக்கட்டும். பால்டிக் கடலோரத்து அந்நாட்டினர் சாதாரணப் பேச்சில் வழங்கும் மரபுத்தொடர் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

"பூஸ்த் யா புனசெக்ஸ் எத்தே தெகெமா."

'பூ' என்றால் மரம் (நம் பூ அன்று!). 'பூஸ்த்' மரத்தால். 'யா' என்பது நம் 'உம்'. 'புனனே' சிவப்பு, அதனோடு சேரும் 'க்ஸ்' உருபு நம் 'ஆக' செய்யும் வேலையைச் செய்கிறது. 'எத்தே தெகெமா' முன்னே செய்து காட்டுதல். மரத்தால் செய்து, சிவப்பாக்கி, கண்முன் வைத்தால் யாருக்குத்தான் விளங்காது? ஐயத்திற்கு இடமின்றி விளக்குதல் என்பதே பொருள்.

பொருள் தெரிந்தால் போதுமென்று எண்ணியதுதான் என் பிழை. தார்த்து நகரத்து நண்பர் ஒருவருக்கு நம் 'நாம்', 'நாங்கள்' வேறுபாட்டை விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் மறுபடியும் கேட்கவே, கற்ற வித்தையைக் காட்டும் ஆவலில், "சுல்லே (உனக்கு) பூஸ்த் யா புனசெக்ஸ் செய்துகாட்ட வேண்டுமா?" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. 'இதுகூடவா விளங்கவில்லை?' என்றல்லவா அது அவர் காதில் விழுந்திருக்கிறது! அன்று பேச்சு அத்தோடு நின்றது.

அடுத்த வாரம் அவர் தம் மொழியின் செயப்படுபொருளை விளக்கினார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. 'சுல்லே'யை 'முல்லே' (எனக்கு) ஆக்கி, "தே முல்லே பூஸ்த் யா புனசெக்ஸ்" என்று வேண்டினேன். வாய்விட்டுச் சிரித்தார். பாடம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது, இன்னும் முடிந்தபாடில்லை.