உப்புக் காற்றில் பொக்லைன் இயந்திரம்

பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்து போவதை அவ்வட்டார மக்கள் நன்கறிவர். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாற்று வெள்ளம் மணல் திட்டை உடைத்துக் கடலுக்கு வழி செய்கிறது. மழை ஓய்ந்து கோடை முற்றும்போது, கரையோர நீரோட்டம் கொண்டுவரும் மணல் அவ்வழியை மீண்டும் அடைக்கிறது. வழி அடைபட்டால் படகுகள் கடலுக்குச் செல்ல இயலாது. இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஏரிக்குள் வருவதில்லை. வெயிலில் நீர் வற்ற வற்ற ஏரியின் உப்பும் ஏறிவிடும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் முதலிய ஊர்களின் பிழைப்பு இந்த ஒரு வாயை நம்பியே இருக்கிறது.

இவ்வாயைத் திறக்கும் வேலைக்குப் பொக்லைன் இயந்திரம் தேவைப்படுகிறது. (பொக்லைன் என்பது உண்மையில் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர். நம் ஊரில் அது இயந்திரத்திற்கே பெயராகிவிட்டது.) இதே வகை இயந்திரம்தான் பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்து உழவர்களின் வாய்க்காலையும் வயல் குட்டையையும் தூர்வார வருகிறது. வாடகை மணிக்கணக்கு. முகத்துவாரத்தில் கடல் நீர் வற்றியிருக்கும் சில மணி நேரம்தான் வேலை ஓடும். அந்நேரத்தில் இயந்திரம் நின்றால் அன்றைய வேலை போயிற்று. வெட்டிய பள்ளத்தை அடுத்த ஏற்றம் நிரப்பிவிடும். ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயமாக இருப்பதால், அனுமதி பெற்ற பின்னரே இயந்திரத்தை இறக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

பழைய இயந்திரம் நின்றால் காரணம் பெரும்பாலும் டீசலில், எண்ணெயில், கிழிந்த ஹோசில் இருக்கும். இப்போதைய இயந்திரங்களில் நான்காவது காரணம் ஒன்று சேர்ந்துள்ளது. அது ஆபரேட்டர் இருக்கைக்குப் பின்னால் உள்ள சிறு பெட்டி. கன்ட்ரோலர் என்று அதைச் சொல்வார்கள்.

பெட்டி செய்யும் வேலை

இயந்திரத்தின் பலம் எண்ணெயின் அழுத்தத்தில் உள்ளது. 12 செ.மீ. உள்விட்டம் கொண்ட ஒரு சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிஸ்டன் பரப்பு 113 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீட்டரிலும் 340 கிலோ அழுத்தம் விழுந்தால், தள்ளும் பலம் ஏறக்குறைய 38 டன் ஆகும். இந்த எண்ணெயைத் தருவது பம்பு. பம்பைச் சுழற்றுவது டீசல் என்ஜின்.

பக்கெட் கெட்டியான களிமண்ணில் சிக்கினால் என்ஜின் திணறும். முன்னாளில் ஆபரேட்டர் அதைக் காதால் கேட்டு லீவரைத் தளர்த்துவார். இப்போது என்ஜினின் வேகம் குறைவதைப் பெட்டி உணர்ந்து, பம்பு தரும் எண்ணெயின் அளவைக் குறைக்கிறது. பக்கெட் மெதுவாக நகரும், என்ஜின் அணையாது. லீவரைச் சில விநாடிகள் தொடாமல் விட்டால் என்ஜின் வேகத்தைத் தானே தாழ்த்தி டீசலை மிச்சப்படுத்துவதும் இப்பெட்டிதான். சில ஆபரேட்டர்கள் இவ்வசதியை நிறுத்தி வைத்துவிடுகிறார்கள். டீசல் உங்கள் செலவு என்றால் அதைக் கேட்டு இயக்கச் சொல்லுங்கள்.

எப்போது குறைப்பது, எவ்வளவு குறைப்பது என்ற விதிகள் பெட்டிக்குள் எழுதி வைக்கப்பட்டுள்ளன. அதற்குத்தான் மென்பொருள் என்று பெயர். ஒரே மாதிரி தோன்றும் இரண்டு பெட்டிகளில் வெவ்வேறு விதிகள் இருக்கக்கூடும். ஆகையால் பழைய வண்டியிலிருந்து கழற்றிய பெட்டியை அப்படியே மாட்டுவது பயன் தராது. மாட்டினாலும் அந்த வண்டியின் வால்வுகளுக்கு ஏற்ப அளவு திருத்த வேண்டும்.

உப்பு எங்கே புகுகிறது?

பெட்டிக்குக் கண்ணும் காதுமாக இருப்பவை சென்சார்கள். எண்ணெய் அழுத்தத்தைச் சொல்லும் சென்சாருக்குப் பெரும்பாலும் 5 வோல்ட் மின்சாரம் போகிறது, அது 0.5 முதல் 4.5 வோல்ட் வரை திருப்பிச் சொல்கிறது. அழுத்தமே இல்லாதபோது ஏன் 0 வோல்ட் என்று சொல்லாமல் 0.5 என்கிறது? வயர் அறுந்தாலும் 0 வோல்ட்தான் வரும். “அழுத்தம் இல்லை” என்ற செய்தியும் “வயர் இல்லை” என்ற செய்தியும் குழம்பாதிருக்க இந்த ஏற்பாடு. மிக எளிய யோசனை, ஆனால் எத்தனையோ என்ஜின்களைக் காத்திருக்கிறது.

உப்பு நீர் பிளக்குக்குள் புகும்போது இந்த ஏற்பாடும் ஏமாந்து போகிறது. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். அடுத்தடுத்த இரு முனைகளுக்கிடையே சிறிது மின்சாரம் கசிந்தால், 1 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 2 வோல்ட் வரக்கூடும். அது வரம்புக்குள் இருப்பதால் பெட்டி நம்பிவிடுகிறது. பிழை என்று விளக்கும் எரியாது. முற்றிலும் அறுந்த வயரைவிட, பாதி களிம்பேறிய பிளக்கே அதிகத் தொல்லை தருவது இதனால்தான். ஏரியோரத்து வண்டிகளின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். செம்பு முனையில் பச்சைக் களிம்பு இருந்தால் கோளாறு அங்கே தொடங்கிவிட்டது என்று பொருள்.

களிம்பு முற்றி வயர் அறுந்ததும் பெட்டி இயந்திரத்தின் பலத்தைக் குறைத்து மெதுவாக ஓட்டும். “பம்பு போய்விட்டது” என்று முடிவு கட்டி, மணல் திட்டின் மேலேயே பம்பைப் பிரிப்பார்கள். நல்ல பம்புக்குள் கடற்கரை மணல் புகும். சிறு பிளக்கில் தீர வேண்டிய செலவு பம்பையே மாற்றும் செலவாக வளரும். பம்பைப் பிரிக்கும் முன் வயரைப் பார்க்கச் சொல்லும் உரிமை வாடகை தருபவருக்கு உண்டு.

எண்ணைப் படியுங்கள்

பல வண்டிகள் கோளாறை இரண்டு எண்களால் திரையில் காட்டுகின்றன. எஸ்.பி.என். என்ற முதல் எண் எந்த உறுப்பு என்பதைச் சொல்லும். எஃப்.எம்.ஐ. என்ற இரண்டாவது எண் என்ன விதமான கோளாறு என்பதைச் சொல்லும். எடுத்துக்காட்டாக, எஸ்.பி.என். 100 என்பது என்ஜின் ஆயில் அழுத்தம். 110 என்பது குளிர்விக்கும் நீரின் வெப்பம்.

100 உடன் 1 என்று வந்தால் ஆயில் அழுத்தம் உண்மையிலேயே ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது. உடனே என்ஜினை நிறுத்த வேண்டும். ஒரு பக்கெட் மண்கூட அள்ளக் கூடாது. 100 உடன் 3 அல்லது 4 வந்தால், சென்சாரிலிருந்து வரும் வோல்ட் வரம்புக்கு மேலே அல்லது கீழே போயிருக்கிறது. முதலில் பிளக்கையும் வயரையும் பார்க்க வேண்டும். அப்போதும் ஆயில் அளவைக் குச்சியால் பார்த்த பின்னரே மேற்கொண்டு ஓட்டலாம். 5 என்றால் மின்னோட்டம் குறைவு, அல்லது வயர் அறுந்துள்ளது. சில நிறுவனங்கள் தமக்கென்று வேறு எண்கள் வைத்துள்ளன. அதற்கான கையேடு வண்டியில் இருக்கிறதா என்று வாடகை பேசும்போதே கேளுங்கள்.

என்ஜின் பெட்டியும் பம்புப் பெட்டியும் திரையும் ஒன்றோடொன்று பேச, முறுக்கிய இரண்டு வயர்களே போதுமானவை. கேன் எனப்படும் இம்முறையை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்டது. பழவேற்காட்டு மீனவர்களுக்கு இது புரியாததல்ல. ஒரே நீர்ப்பரப்பில் வலைகள் மோதாமலிருக்க முறை வைத்துத் தொழில் செய்யும் பாடு முறை அங்கு உண்டல்லவா? வயரிலும் ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான் பேசும். முறைநாள் மட்டும் கிடையாது. இரண்டு பெட்டிகள் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினால் அவசரச் செய்திக்கே முதலிடம்.

இந்த வயர்களின் இரு கோடியிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு மல்டிமீட்டரால் இரு வயர்களுக்கிடையே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். ஒன்பது முனையுள்ள வட்டச் சோதனைச் சாக்கெட் இருக்கும் வண்டிகளில் சி, டி என்ற முனைகளில் அளக்கலாம். 120 காட்டினால் ஒரு கோடி அறுந்துள்ளது. 60க்கு மிகவும் கீழே வந்தால் எங்கோ வயர்கள் ஒட்டியிருக்கின்றன, அல்லது உப்பு நீர் புகுந்துள்ளது. ஊரில் டிராக்டர் வயரிங் பார்ப்பவரே இச்சோதனையைச் செய்துவிடலாம்.

களத்தில் கவனிக்க வேண்டியவை

பெட்டி எரிந்து போவதற்கு உப்பைவிட வெல்டிங் காரணமாவதும் உண்டு. பக்கெட் பல் உடைந்தால் அங்கேயே வெல்டிங் வைக்கிறார்கள். அதற்கு முன் பேட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். பெட்டியின் பிளக்குகளையும் எடுத்துவிடுவது நல்லது. எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்திற்கு அருகிலேயே மாட்ட வேண்டும். பூமின் மறு கோடியில் மாட்டினால் வெல்டிங் மின்சாரம் சென்சார் வழியாகவும் பாயும்.

வேலை முடிந்த அன்றே நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். ஏரியோரத்தில் நல்ல தண்ணீர் அரிது. ஒரு டேங்கர் தண்ணீரின் விலையையும் வாடகைக் கணக்கிலேயே சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். வேகமாகப் பீச்சும் தண்ணீரைப் பிளக்குகளின் மேல் காட்டக் கூடாது. பிளக்குகளை உலர்த்தி, மின் இணைப்புகளுக்கென விற்கும் கிரீஸை ரப்பர் வளையத்தில் தடவி மூட வேண்டும். சாதாரண சேசிஸ் கிரீஸ் உதவாது.

முகத்துவார வேலைக்குப் பெட்டி இல்லாத பழைய வண்டியே மேல் என்று சொல்வோர் உண்டு. அதை அறியாமை என்று தள்ள முடியாது. நல்ல நிலையில் உள்ள பழைய வண்டி கிடைத்தால் தாராளமாக அமர்த்தலாம். ஆனால் அவை குறைந்து வருகின்றன. டயர் வைத்த மண் அள்ளும் வண்டிகளுக்கு 2021 ஏப்ரல் முதலும், 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதலும் புகைக் கட்டுப்பாடு கடுமையாக்கப்பட்டது. அதன்பின் வந்த இவ்வகை வண்டிகளின் என்ஜினில் டீசலை அளந்து விடுவதே மின்னணுப் பெட்டியின் வேலையாகிவிட்டது.

வண்டி வந்து இறங்கியதும் மணிக்காட்டியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பச் சொல்லித் திரையில் ஏற்கெனவே உள்ள கோளாறு எண்களையும் அதே தாளில் எழுதி, ஆபரேட்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வேலையின் நடுவே வண்டி நின்றால், அக்கோளாறு உங்கள் களத்தில் வந்ததா, வரும்போதே கூட வந்ததா என்பதை அத்தாள் காட்டிவிடும்.