குடிலின் முன் கதை வாசிக்க…

விருத்தாசலம் செராமிக் பொம்மைகளால் கிறிஸ்துமஸ் குடில் வைத்ததும், லூக்கா நற்செய்தியின் 2-ஆம் அதிகாரத்தில் முதல் 20 வசனங்களை வாய்விட்டு வாசியுங்கள். ஐந்து நிமிடம் போதும். இடையர்கள் வரும் இடத்தில் அந்தப் பொம்மைகளைக் குழந்தையே எடுத்து வைக்கட்டும். கீழே கனமான துணி விரித்திருந்தால் தவறி விழுந்தாலும் உடையும் வாய்ப்பு குறைவு.

விருத்தாசலம் பக்கத்துக் கோணான்குப்பத்தில் ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவரின் தேம்பாவணி, இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரைத் தலைவராகக் கொண்ட காப்பியம். செய்யுள் கடினம்தான், உரையோடு முன்பே படித்துவிட்டுக் கதையாகச் சொல்லுங்கள்.

டிக்கன்ஸின் ‘கிறிஸ்துமஸ் கரோல்’ (1843) ஐந்து பகுதிகள் கொண்டது. டிசம்பர் 20 முதல் இரவுக்கு ஒன்று வாசித்தால் 24-இல் முடியும். முடித்ததும் நீதி சொல்லாதீர்கள். கதைத்தலைவனைப் பற்றி “ஸ்க்ரூஜ் எந்த இடத்தில் மாறத் தொடங்கினான்?” என்று கேட்டு, பிள்ளைகள் பேசும்வரை பொறுத்திருங்கள்.