இ-சேவை மையத்துக்கு மானிட்டர் வாங்கப் போறீங்களா?

பள்ளிகொண்டா, ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் புதுசா இ-சேவை மையம் தொடங்கும் நண்பர்களே, இந்தப் பாடம் உங்களுக்குத்தான். தமிழ்நாடு மின் ஆளுமை முகமையின் ‘அனைவருக்கும் இ-சேவை மையம்’ திட்டம் 2023-இல் வந்த பிறகு, தனிநபர்களும் மையம் நடத்த முடிகிறது. கணினி, பிரின்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி என்று செலவு வரிசை கட்டி நிற்கும். கடைசியில் மானிட்டருக்கு மிஞ்சுவது கொஞ்சம் பணம்தான். அதைச் சரியாகச் செலவு செய்வது எப்படி என்று பார்ப்போம்.

முதலில், திரை யாருக்கு? உங்களுக்கு மட்டுமல்ல, எதிரே நிற்கும் மனுதாரருக்கும்தான். ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண், பிள்ளையின் சாதிச் சான்றுக்காக அரைநாள் லீவு போட்டு வருகிறார். பெயரில் ஒரு எழுத்து தப்பினால் மறுபடி மனு, மறுபடி லீவு, மறுபடி சம்பளம் போச்சு. மனுவை அனுப்புவதற்கு முன் அவரே தன் கண்ணால் படித்து ‘சரிங்க’ என்று சொல்ல வேண்டும். இதை மனதில் வைத்துத்தான் மானிட்டரைத் தேர்வு செய்யணும்.

1. அங்குலம் மட்டும் பார்க்காதீங்க

நம்ம ஊரில் பதனிட்ட தோலைச் சதுர அடியில் அளந்து விற்கிறோம். மானிட்டரில் சொல்லும் அங்குலமோ மூலைக்கு மூலை அளவு. பழைய 17 அங்குலச் சதுரத் திரையின் உயரம் சுமார் 27 செ.மீ. புதிய 18.5 அங்குல அகலத் திரையின் உயரம் 23 செ.மீ. மட்டுமே. அங்குலம் கூடியும் உயரம் குறைந்துவிட்டது! விண்ணப்பப் படிவம் மேலிருந்து கீழாக நீள்வது. உயரம் குறைந்தால் ஓயாமல் உருட்டிக்கொண்டே இருக்கணும். 21.5 அங்குலத்தில் உயரம் 27 செ.மீ., அகலம் 47 செ.மீ.க்கு மேல். ஒரு பக்கம் படிவம், மறுபக்கம் ஸ்கேன் செய்த ஆவணம் என்று வைத்து ஒப்பிடலாம். எனவே 21.5 அல்லது 22 அங்குலத்துக்குக் கீழே போகாதீங்க.

2. புள்ளிகளைக் கேளுங்க

‘1920×1080’ என்று இருக்கணும். 1366×768 திரையில் விவரம் குறைவாகவே கொள்ளும், ண-ன, ழ-ள வித்தியாசமும் மங்கும். அதே 1920×1080 புள்ளிகளை 27 அங்குலத்தில் பரப்பினால் எழுத்து பெரிசாகும், ஆனால் கூர்மை குறையும்.

3. பக்கத்திலிருந்து பாருங்க

‘எல்இடி மானிட்டர்’ என்று விற்பதும் எல்சிடி திரைதான். பின்னால் எரியும் விளக்குதான் எல்இடி. முக்கியமானது பேனல் வகை. டிஎன் பேனல் விலை குறைவு, ஆனால் சாய்ந்து பார்த்தால் நிறம் மாறும், கீழிருந்து பார்த்தால் இருட்டடிக்கும். ஐபிஎஸ் பேனலில் பக்கத்தில் நிற்பவருக்கும் எழுத்து தெளிவாகத் தெரியும். ஆனால் வரிசையில் நிற்பவருக்கும் தெரியும்! அதனால் மேசையைத் திருப்பிப் போட்டு, பிறர் ஆதார் எண் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. எதை விடலாம்?

வளைந்த திரை, ஸ்பீக்கர், விளையாட்டுக்கான அதிவேகம், இவை எதுவும் நமக்கு வேண்டாம். அந்தப் பணத்தை ஐபிஎஸ் பேனலுக்கும் வாரன்டிக்கும் கொடுங்கள்.

5. இணைப்பைச் சரிபாருங்க

பழைய சிபியுவில் விஜிஏ மட்டும் இருந்து, மானிட்டரில் எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால் வெறும் கேபிள் போதாது, தனியாக கன்வெர்ட்டர் வாங்கணும். இரண்டும் உள்ள மானிட்டர் நல்லது.

6. கடையில் ஒரு சோதனை

ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். நேராகப் பாருங்கள், பிறகு இரண்டடி தள்ளி, பக்கவாட்டில் நின்று படியுங்கள். முழு வெள்ளைத் திரை வைத்துக் கரும்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். 32 அங்குலம் வரையுள்ள மானிட்டருக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். பின்பக்க லேபிளில் பதிவு எண்ணைத் தேடுங்கள். ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். பிரச்சினை வந்து கடைக்காரர் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வீட்டில் பழைய மானிட்டர் சும்மா கிடக்கிறதா? கணினியில் இரண்டாவது இணைப்பு இருந்தால் அதை மனுதாரர் பக்கம் திருப்பி மாட்டுங்கள். விண்டோஸ் பட்டனோடு ‘பி’ எழுத்தை அழுத்தி ‘டூப்ளிகேட்’ தேர்வு செய்தால், நீங்கள் தட்டுவது அவருக்கும் தெரியும். செலவு ஒரு கேபிள் மட்டுமே.

மனுவை அனுப்பும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்: “அம்மா, பேரு, இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் சரியா இருக்கா, பாருங்க.”