கழிநீரைத் திருப்பும் வாயில்

கீழ்ப்பழனி மலையிலுள்ள ஆடலூர், காப்பியும் மிளகும் விளையும் சரிவு நிலத்தூர். அத்தகைய ஊர்களில் ஒரு வீட்டின் புழைக்கடை அடுத்த வீட்டின் கூரைக்கு மேலாக நிற்றல் அரிதன்று. மேல்வீட்டார் கழித்த நீர் எங்கே செல்கிறது என்னும் வினாவைச் சமவெளியார் ஒருகால் ஒத்திவைக்கலாம். மலைவாணர்க்கு அது இயலாது. மண் ஆழமின்றியிருக்குமிடத்துக் கழிநீர் பாறை வெடிப்புகளிற் புகுந்து, வடிகட்டப்படாமலே கீழுள்ள ஊற்றைச் சேர்தல் கூடும்.

"செப்டிக் டாங்க் கட்டிவிட்டோமே, இனி என்ன கவலை?" என்பார் பலர். பிரான்சு தேசத்து வெசூல் நகரில் 1860-ஆம் ஆண்டளவில் மூரா என்பவர் அமைத்த தொட்டியே இதற்கு முன்னோடி. ஆனால் தொட்டி செய்வது பாதி வேலையே. கனமானது அடியிற் படியும். கொழுப்பு மேலே மிதக்கும். இடைப்பட்ட நீர் கிருமிகளோடு வெளியேறும். எஞ்சிய பாதியை மண்தான் செய்தல் வேண்டும். மண்ணோ ஓய்வின்றி நனைந்தால் அதன் துளைகளிற் கிருமிகளாலாகிய வழுவழுப்பான படலம் படர்ந்து நீரை உறிஞ்சவிடாது. பின்னர் நீர் மேலே கசிந்து நாறும்.

இதற்கு மேல்நாட்டார் கண்ட வழி எளிது. தொட்டியை அடுத்து ஒரு வால்வு வைப்பர். அதற்கு நீர் புகும் வழி ஒன்று, போகும் வழிகள் இரண்டு. கைப்பிடியைத் திருப்பினால் உள்ளிருக்கும் தகடு ஒரு வழியை அடைத்து மற்றதைத் திறக்கும். ஒரு பக்கத்து வடிகால்கள் உழைக்க, மறுபக்கத்தன பல மாதம் ஓய்ந்திருக்கும். அப்போது காற்றுப் புக, படலம் உலர்ந்து சிதையும். சரிவில் இவ்வடிகால்களை மேலிருந்து கீழாக வெட்டலாகாது. குறுக்கே மட்டமாக வெட்டினாலன்றி நீரெல்லாம் கீழ்முனைக்கே ஓடும்.

நம் நாட்டில் இத்தத்துவம் வேறுருவில் வழங்குகிறது. இரட்டைக்குழிக் கழிப்பறையில் தொட்டியே இல்லை. குழாய் ஒரு சிறு பெட்டியில் இரண்டாகப் பிரியும். ஒரு கிளையைச் செங்கல்லால் அடைத்துவிட்டால் அதுவே வால்வு! 1970-இல் பிந்தேசுவர் பாடக் தொடங்கிய சுலப் இயக்கத்தார் இதனைப் பரப்பினர். முதற்குழி நிறைந்ததும் அடைப்பை மாற்றுவர். நிறைந்த குழி ஓராண்டுக்குக் குறையாமல் மூடிக்கிடப்பின் உள்ளிருப்பது மணமற்ற எருவாகும். 2017 பிப்ரவரியில், அந்நாளில் மத்திய அரசின் குடிநீர்-சுகாதாரத்துறைச் செயலராயிருந்த பரமேசுவரன் ஐயர், தெலங்கானாவிலுள்ள கங்காதேவிப்பள்ளியில் அத்தகைய குழியினுள் இறங்கி அவ்வெருவைத் தாமே அள்ளிக் காட்டினார்.

அச்செயலின் பொருள் பெரிது. நம்மவர் குழியைத் தீண்ட அஞ்சுவது நாற்றத்தால் மட்டுமன்று. அவ்வேலை இன்னாருடையது என்று சாதியால் வகுத்து வைத்தமையாலுமாம். மலம் அள்ளுதற்கு மனிதரை அமர்த்துவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியது. அதன் பின்னரும் தொட்டியினுள் இறங்கி நச்சுக்காற்றால் மாண்டோர் உளர். லாரி ஏறமாட்டாத மலைவீட்டில் தொட்டி நிறைந்துவிட்டால் யாரை இறக்குவது? ஓய்ந்து எருவான குழிக்கோ வீட்டுக்காரரின் மண்வெட்டியே போதும்.

ஆயினும் ஒரு குறை நேர்வதுண்டு. கொத்தனார் இரு கிளைகளையும் திறந்தே விட்டுப்போவார். வீட்டாரும் பெட்டியைத் திறந்து பாரார். அவ்வழி இரு குழிகளும் ஒரே காலத்தில் நிறையும். ஆதலின் புதிதாகக் கட்டுவோர் பெட்டியின் மூடியை மண்ணிட்டு மறைக்காமல், வழியை மாற்றிய நாளைக் கழிப்பறைச் சுவரிலேயே எழுதி வைக்க.