பெயரும் முத்திரையும்



சென்ற குளிர்காலத்தில் இந்நகரில் நடந்த ஒரு கருத்தரங்கிற்கு நானும் போயிருந்தேன். முதுகலை விஞ்ஞான மாணவர்கள் தத்தம் ஆய்வைப் பத்து நிமிஷத்தில் எடுத்துரைக்க வேண்டும். தலைவர் பட்டியலைப் பார்த்து ஒரு பெயரை அழைத்தார். ஒருவரும் எழவில்லை. மீண்டும் அழைத்தார். மற்றவர்களைப் போலவே நானும் சுற்றுமுற்றும் பார்த்தேன். மூன்றாம் முறை அழைத்தபோதுதான், வடநாட்டு உச்சரிப்பில் மாறி ஒலித்த அது என் தந்தையாரின் பெயர் என்பது எனக்கு உறைத்தது. அவையில் சிரிப்பு எழுந்தது.

என் தந்தையார் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். சாத்தூரில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதுகிறார். தில்லியில் ஒரு விஞ்ஞான மேடைக்கு அவர் பெயர் மும்முறை அழைக்கப்பட்டதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும், என் பெயர் எங்கே போயிற்று?

அன்று மற்றொன்றும் நேர்ந்தது. என் பேச்சுக்குரிய படங்களின் மூலையில் என் அடையாளமாக ஓர் அணுவின் சித்திரத்தைப் போட்டிருந்தேன். நடுவில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி மூன்று நீள்வட்டங்கள். எனக்கு முன் பேசியவரும் அதையே போட்டிருந்தார். எனக்குப் பின் பேசிய இருவரும் அதையே போட்டிருந்தனர்! நால்வருக்கும் ஒரே முத்திரை என்றால் அது ஒருவருக்கும் முத்திரை ஆகாது அன்றோ?

அன்றிரவு விடுதி அறையில் தொடங்கிய சிந்தனையே இக்கட்டுரை. தாம் மேற்கொண்ட தொழிலிலிருந்து ஒருவர் தமக்கென ஒரு முத்திரையை எவ்வாறு அமைத்துக்கொள்ளலாம் என்பதே இதன் பொருள்.

முத்திரை எதற்கு?

முத்திரை என்றவுடன் பெருநிறுவனங்களும் விளம்பரப் பலகைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அது எளியவர்களின் தேவையிலும் பிறந்தது. சலவைத் தொழிலாளர் முன்னாளில் சேங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் இரண்டு கோடும் ஒரு புள்ளியும் இடுவர். நூறு வீட்டுத் துணியும் ஒன்றாய்க் கலந்தாலும், எந்த வேட்டி எந்த வீட்டுக்குரியது என்பதில் ஐயம் எழாது. சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ‘ஆதன்’, ‘குவிரன்’ போன்ற பெயர்கள் பண்டைத் தமிழ் எழுத்தில் கீறப்பட்டுள்ளன. பானையை வனைந்தவன் கீறினானோ, வாங்கியவன் கீறினானோ, அவர்களின் பெயர் மண்ணுக்குள்ளிருந்து இன்று நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆகவே, நல்ல முத்திரை இரண்டு வினாக்களுக்கு விடை கூறினால் போதும். இவர் யார்? இவர் செய்யும் வேலை யாது? முதல் வினாவுக்குப் பெயர் விடை கூறுகிறது. இரண்டாம் வினாவுக்குச் சின்னம் விடை கூறுகிறது.

பெயரே முதல் முத்திரை

தமிழர்களாகிய நமக்கு, குடும்பப் பெயரைக் கடைசியில் எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயருக்குரிய எழுத்தை முன்னே இடுகிறோம். தாயின் எழுத்தையும் சேர்த்து இடுவோர் இன்று உளர். நம் சொந்தப் பெயர் இறுதியில் வரும். தில்லிக்கு வந்தவுடன் விண்ணப்பத் தாள் நம்மை மிரட்டுகிறது: ‘முதற்பெயர் எழுதுக, குடும்பப்பெயர் எழுதுக.’ நாம் சொந்தப் பெயரை முதற்கட்டத்திலும் தந்தையின் பெயரைக் கடைசிக் கட்டத்திலும் எழுதிவிடுகிறோம். உலகமோ கடைசிப் பெயரைச் சொல்லி அழைக்கிறது. எனக்கு நேர்ந்தது இதுவே.

நமக்கு முன் இச்சிக்கலைக் கடந்தவர்களைப் பாருங்கள். 1910-ஆம் ஆண்டு லாகூரில், அங்கு ரயில்வே கணக்குத் துறையில் பணிபுரிந்த ஒரு தமிழரின் வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தையின் பெயர் சுப்ரமண்யன்; பிள்ளைக்கு இட்ட பெயர் சந்திரசேகர். அவர் இங்கிலாந்து சென்றபோதும், பின்னர்ச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோதும் ‘எஸ். சந்திரசேகர்’ என்ற பழந்தமிழ் வரிசையையே வைத்துக்கொண்டார். ஆகவே உலகம் அவரைச் சொந்தப் பெயராலேயே அழைத்தது. வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு அவர் கண்ட வரம்பு, சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு, ‘சந்திரசேகர் வரம்பு’ எனப்படுகிறது. 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1999 ஜூலை 23-இல் அமெரிக்கர் விண்ணில் ஏவிய எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிக்குச் ‘சந்திரா’ என்றே பெயர் சூட்டினர். தந்தையின் எழுத்து முன்னே நின்று வழிகாட்ட, மகனின் பெயர் விண்வரை சென்றது!

தில்லியிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. பூசா வட்டாரத்தில் தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் அமைந்துள்ள சாலையின் பெயர்ப்பலகையில் ‘டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் மார்க்’ என்று காணலாம். 1898-இல் வத்திராயிருப்பில் பிறந்து, 1928-இல் ராமனுடன் சேர்ந்து ஒளிச்சிதறலை ஆராய்ந்து, பின்னர் அந்த ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராக விளங்கியவர் அவர். அந்த இரண்டு முதலெழுத்துக்களும் அவர் பெயரை விட்டு அகலவில்லை. தில்லி அவற்றை அப்படியே சாலைப்பலகையில் எழுதிக்கொண்டது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் எளியது. ஆய்வுக் கட்டுரைகளில் தந்தையின் பெயரையோ முதலெழுத்தையோ முன்னும், சொந்தப் பெயரைப் பின்னும் எழுதுங்கள். முதற்கட்டுரையில் எழுதிய வடிவத்தையே கடைசிக் கட்டுரைவரை எழுதுங்கள். இன்று ஒரு வடிவம், நாளை ஒரு வடிவம் என்றால், ஒரே மனிதரின் உழைப்பு இரு மனிதர்களின் கணக்கில் பிரிந்துபோகும். 2012-இல் தொடங்கிய ‘ஆர்சிட்’ என்னும் ஏற்பாடு ஒவ்வோர் ஆய்வாளருக்கும் பதினாறு இலக்க எண் ஒன்றை இலவசமாகத் தருகிறது. அதையும் பெற்றுக்கொள்ளுங்கள். அரசாங்கத் தாள்களிலோ பள்ளிச் சான்றிதழில் உள்ள வடிவத்தை மாற்றாமல் எழுதுவதே நலம்.

வேலையிலிருந்து பிறக்கும் சின்னம்

இனிச் சின்னத்துக்கு வருவோம். 1931-இல் ரதர்போர்டுக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தபோது, அவருக்கென ஒரு கேடயச் சின்னம் அமைக்கப்பட்டது. வழக்கமாக அங்கே சிங்கமும் வாளும் இடம் பெறும். அவருடைய கேடயத்திலோ இரண்டு வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் சென்றன. ஒன்று கீழிறங்கும், மற்றொன்று மேலேறும். கதிரியக்கப் பொருள் ஒன்று தேய்வதையும், மற்றொன்று வளர்வதையும் காட்டும் கோடுகள் அவை. இளமையில் அவர் ஆய்வுக்கூடத்தில் அளந்து வரைந்த கோடுகள் முதுமையில் அவருக்குக் குலச்சின்னம் ஆயின. சின்னத்தைத் தேடி அவர் வேறெங்கும் போகவில்லை.

நம்மவர் ஒருவரின் சான்றும் உண்டு. ரூபாய்க்கு ஒரு குறியீடு வேண்டி மத்திய நிதி அமைச்சகம் 2009-இல் போட்டி ஒன்றை அறிவித்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட வடிவங்கள் வந்தன. அவற்றுள் ஐந்து இறுதிக்கு வந்தன. 2010 ஜூலை 15-இல் அமைச்சரவை தேர்ந்தெடுத்தது தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமாரின் வடிவத்தை. அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்று, பம்பாய் ஐ.ஐ.டி.யில் தமிழ் எழுத்துக்களின் அச்சு வடிவத்தை ஆராய்ந்தவர் அவர். தேவநாகரி ‘ர’வையும், தண்டுக்கோடு நீங்கிய ரோமன் ‘ஆர்’ எழுத்தையும் ஒரே உருவத்தில் கண்டது அவருடைய கண். பல ஆண்டுகள் எழுத்தின் வளைவையும் கோட்டையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கே அப்பொருத்தம் புலப்பட்டது. சின்னம் சிறிது, அதன் பின்னே நின்ற பயிற்சி பெரிது.

எச்சரிக்கையாக ஒரு கதையும் சொல்கிறேன். 1705-இல் பேசல் நகரில் மறைந்த யாக்கோபு பெர்னூலி என்ற கணித மேதை, தம் கல்லறையில் தாம் ஆராய்ந்த சுருள் ஒன்றைப் பொறிக்கும்படி விரும்பியிருந்தார். அச்சுருளில் ஒவ்வொரு சுற்றுக்கும் இடைவெளி ஒரே விகிதத்தில் பெருகிக்கொண்டே செல்லும். கல்தச்சரோ இடைவெளி சமமாக உள்ள வேறொரு சுருளைச் செதுக்கிவிட்டார். அப்பிழை இன்றும் கல்லில் நிற்கிறது! சின்னத்தின் உட்பொருளை, அதை வரைபவருக்கு விளக்கிச் சொல்வது நம் கடமை.

என் முயற்சி

இவற்றைப் படித்தபின் என் அணுச் சித்திரத்தை மீண்டும் பார்த்தேன். எலெக்ட்ரான்கள் கோள்களைப்போல் வட்டப் பாதையில் சுற்றவில்லை என்று நாமே தேர்வில் எழுதுகிறோம். பிறகு அதையே மேடையில் நம் அடையாளமாகக் காட்டலாமா? மேலும், அது பௌதிகம் முழுவதற்கும் பொதுவான படம். என் வேலைக்குரிய படம் அன்று.

என் வேலைதான் யாது? குவாண்டம் புள்ளிகள் எனப்படும் மிக நுண்ணிய படிகங்களைத் தயாரித்து, அவை வீசும் ஒளியை அளக்கிறேன். ஒரே பொருள்தான், ஆயினும் படிகம் சிறிதானால் நீல ஒளி, பெரிதானால் சிவப்பு ஒளி. காட்மியம் செலினைடில் ஏறத்தாழ இரண்டு நானோமீட்டர் அளவுக்கு நீலம். ஆறு நானோமீட்டர் அளவுக்குச் சிவப்பு. 2023-ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு இத்துறைக்கே வழங்கப்பட்டது. இதன் முதற்படி விளக்கத்தை நாம் எல்லோரும் பட்ட வகுப்பில் படித்திருக்கிறோம். அதுதான் ‘பெட்டிக்குள் துகள்’ என்னும் கணக்கு. இரண்டு உயர்ந்த சுவர்கள். அடியில் ஒரு தரை. உள்ளே அகப்பட்ட துகளுக்கு எல்லா ஆற்றலும் வாய்க்காது. 1, 4, 9 என்ற விகிதத்தில் உள்ள படிகளில் மட்டுமே அது நிற்க முடியும். பெட்டி குறுகினால் படிகளின் இடைவெளி விரியும். ஒளி நீலத்தை நோக்கிப் போகும்.

அப்பெட்டியை ஒருநாள் கரும்பலகையில் வரைந்துவிட்டு எட்ட நின்று பார்த்தேன். இரண்டு சுவர், ஒரு தரை. அது நம் ‘ப’ அன்றோ! என் தந்தையார் பெயரின் முதலெழுத்தும் ‘ப’தான். தில்லியின் விண்ணப்பத் தாள்கள் எங்கே வைப்பது என்று தெரியாமல் அலைக்கழித்த அதே எழுத்து!

ஒரு ‘ப’ வரைந்து, அதனுள் தரையிலிருந்து ஒரு பங்கு, நான்கு பங்கு, ஒன்பது பங்கு உயரத்தில் மூன்று கோடுகள் இட்டேன். அதுவே இப்போது என் முத்திரை. கீழ்க்கோடு தரையில் படவில்லை. பெட்டிக்குள் அடைபட்ட துகள் எந்நாளும் முற்றிலும் ஓய்ந்திராது என்பது அதன் பொருள். வெளியூரில் சிற்றறையில் வாழும் மாணவனுக்கும் அது பொருந்தும் என்று எண்ணிக்கொள்கிறேன்.

நீங்களும் முயல

1. உங்கள் துறையின் பொதுப் படங்களாகிய அணு, ஏடு, தராசு, பாம்பு சுற்றிய கோல் ஆகியவற்றை முதலில் ஒரு தாளில் எழுதி அடித்துவிடுங்கள்.

2. நீங்கள் நாள்தோறும் கையாளும் ஒரு கருவியையோ வரைபடத்தையோ விதியையோ எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி ஐந்து நிமிஷம் தடையின்றிப் பேச உங்களால் முடிய வேண்டும். முடியாவிட்டால் அது இன்னும் உங்களுடையது ஆகவில்லை.

3. பேனாவால் பத்து நொடிக்குள் வரைய முடிகிறதா என்று பாருங்கள். கட்டைவிரல் நகத்தளவில், கறுப்பு மையில், படி எடுத்த பின்னும் தெளிவாகத் தெரிய வேண்டும். வண்ணம் பிறகு சேரலாம்.

4. தேசிய இலச்சினையாகிய அசோகர் தூணின் சிங்கங்களைத் தொடாதீர்கள். அதன் முறையற்ற பயன்பாட்டை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பல்கலைக்கழக இலச்சினையையும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ள வேண்டாம்.

5. உங்கள் துறையை அறியாத ஒருவரிடம் காட்டுங்கள். ‘இது என்ன?’ என்று அவர் கேட்டால் பாதி வெற்றி. அதற்கு நீங்கள் கூறும் விடை உங்கள் வேலையாகவே இருந்தால் முழு வெற்றி.

ஐந்தாவது சோதனையை நான் என் தந்தையாரிடமே செய்து பார்த்தேன். படத்தைக் கைப்பேசியில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். சற்று நேரத்தில் அழைத்தார்.

“என்னப்பா இது? நம்ம கடையில எண்ணெய் அளக்குற பாத்திரம் மாதிரி இருக்கு. ஆனா கோடு சமமா இல்லையே! யாரை ஏமாத்த?”

“ஏமாத்த இல்லப்பா. அந்தக் கோடு அப்படித்தான் இருக்கணும். ஏன்னு சொல்லட்டுமா?”

“சொல்லேன், கேப்போம். கடையில இப்ப கூட்டம் இல்ல.”

அன்று அரைமணி நேரம் பேசினோம். நான் தில்லியில் என்ன படிக்கிறேன் என்று அவர் கேட்டதும், நான் விளக்கிச் சொன்னதும் அதுவே முதல் தடவை.