பிச்சாவரத்துச் சேற்றில் ஒரு விண்வெளிப் படை

வார்ஹாமர் 40,000 மாதிரியான மேசை விளையாட்டுகளுக்குப் பொம்மை வீரர்களை வெட்டி ஒட்டி உருமாற்றுகிறவர்கள், உருமறைப்பு நிறம் என்றதும் ஐரோப்பியக் காட்டையே நினைக்கிறார்கள். அண்ணாமலை நகரில் இருப்பவருக்கு அது எதற்கு? பிச்சாவரம் அலையாத்திக் காடு பக்கத்திலேயே இருக்கிறது. படகில் போகும்போது நான்கு நிறங்களைச் செல்போனில் பிடித்து வாருங்கள்: சுரபுன்னை இலையின் கரும்பச்சை, வேரின் சாம்பல் பழுப்பு, சேற்றின் கருமை, உதிரும் முன் சிவக்கும் தில்லை இலை. தில்லையைப் பறித்துவிடாதீர்கள், அதன் பால் கண்ணைக் கெடுக்கும்.

முதலில் ஒட்டுவேலை. ஒரு பொம்மைப் பெட்டியின் உடல், இன்னொன்றின் தலை, பேனா ரீஃபிலில் துப்பாக்கிக் குழல் என்று சேர்த்தால் இடுக்கு விழும். எம்-சீல் வைத்து அடையுங்கள். நன்றாக இறுகியதும் உப்புத்தாள் போட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். அடுத்து சாம்பல் பிரைமர். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் ஸ்பிரே அடித்தால் பரப்பு சொரசொரப்பாகிவிடும். அந்த மாதங்களில் பிரஷ்ஷால் பூசுவதே நல்லது.

அக்ரிலிக்கைப் பால் பதத்துக்குக் கரைத்து, உடல் முழுக்க வேர்ப்பழுப்பு இரண்டு கை பூசுங்கள். 28 மில்லிமீட்டர் உருவத்தில் அசல் நிறம் கறுத்துத் தெரியும். எனவே ஒவ்வொரு கலவையிலும் துளி வெளிர்சாம்பல் சேருங்கள். பச்சைத் திட்டுகளைச் சாய்வாக, நீளமாக இழுங்கள். வட்டமாக வைத்தால் மாட்டுத்தோல்தான் மிஞ்சும்.

பலர் தவறுவது இங்கேதான். கவசம் பூட்டிய பிறகு வண்ணம் அடிக்கப்படுவது. அதில் திட்டு ஒரு தகட்டிலிருந்து அடுத்த தகட்டுக்கு விளிம்பைத் தாண்டி ஓட வேண்டும். சீருடையோ அச்சிட்ட துணியை வெட்டித் தைப்பது. அதில் தையல் கோட்டில் திட்டு அறுந்து நிற்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே பொம்மை நிஜமாகிவிடும்.

2022 ஜனவரி 15 அன்று இந்திய ராணுவம் அறிமுகப்படுத்திய டிஜிட்டல் சீருடை பிடித்திருந்தால், கட்டம் கட்டமாக வரைந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கிழித்த ஸ்பாஞ்சைத் தோய்த்து, தாளில் ஒற்றிவிட்டு, மெல்லத் தட்டினால் போதும்.

திட்டுகளின் ஓரத்தில் சேற்றுக்கருமை. தில்லைச் சிவப்பு இரண்டு மூன்று புள்ளிகள் மட்டும். துப்பாக்கி, வார், காலணியில் ஒரே நிறம். தலைக்கவசக் கண்ணாடி பளிச்சென்று இருக்கட்டும். எதிராளிக்கு வீரன் தெரிந்தாக வேண்டுமே! அடித்தட்டில் தேங்காய் நாரை நறுக்கி நிறுத்தினால் வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர் தயார். கடைசியாக, பளபளப்பில்லாத வார்னிஷ்.

படை முழுதுக்குமான பச்சையை ஒரே தடவையில் கலந்து, இறுக மூடும் டப்பியில் வையுங்கள். மறுபடி கலந்தால் அதே பச்சை வராது.