பெட்டியில் வந்த அலமாரியும் பொருந்தாத பலகையும்



முன்பெல்லாம் அலமாரி வேண்டுமென்றால் ஆசாரி வீட்டுக்கு வந்து அளவெடுப்பார். இப்போது அறந்தாங்கிக்கும் ஆலங்குடிக்கும்கூட அது அட்டைப் பெட்டிக்குள் பலகை பலகையாக வந்து இறங்குகிறது. பூட்டுகிற வேலை நம்முடையது. 1956-ல் சுவீடன் நாட்டு ஐகியா கம்பெனி கையிலெடுத்து உலகமெங்கும் பரவிய முறை இது.

ஆனால் தாளில் ஒரு விதமும் பலகையில் வேறு விதமுமாக இருந்தால் என்ன செய்வது? அநேகர் சுத்தியலை எடுக்கிறார்கள். எடுக்க வேண்டாம். மூன்று காரியங்களைக் கவனிப்போம்.

1. முதலாவது, எண்ணிப் பாருங்கள்

ஆசரிப்புக் கூடாரமும் கழற்றிப் பூட்டும்படி செய்யப்பட்டதுதான். யாத்திராகமம் 26-ன்படி 48 பலகைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கழுந்து, அவற்றின் கீழே 96 வெள்ளிப் பாதங்கள். அவற்றைச் சுமந்த மெராரி புத்திரருக்குச் சாமான்களைப் பேர்பேராக எண்ணி ஒப்புவிக்க வேண்டும் என்று எண்ணாகமம் 4-ல் காண்கிறோம். வனாந்தரத்தில் ஒரு முளை குறைந்தால் எந்தக் கடைக்கு ஓடுவது?

நீங்களும் பெட்டியைப் பிரித்ததும் பலகைகளை எழுத்துவாரியாக அடுக்குங்கள். ஸ்குரூக்களை நீளம் பார்த்துத் தனித்தனித் தட்டில் போடுங்கள். பெட்டியிலுள்ள மாடல் நம்பரும் தாளிலுள்ள நம்பரும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறு மாடலின் தாள் உள்ளே வந்துவிடுவதும் உண்டு.

2. இரண்டாவது, தப்பு எங்கே என்று கண்டுபிடியுங்கள்

கூடாரத்தின் பலகைகளெல்லாம் ஒரே அளவு. நம் அலமாரி அப்படியல்ல. இடது பலகையும் வலது பலகையும் ஒன்றுபோலத் தெரியும், ஓட்டைகள் மட்டும் எதிரெதிர். ஆகவே முதலில் பலகை திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டி ஒட்டிய ஓரம் முன்பக்கம், பின் அட்டை நுழைகிற காடி பின்பக்கம் வரவேண்டும். எல்லா ஸ்குரூவையும் பாதி மட்டும் முறுக்குங்கள். மூலைக்கு மூலை டேப் பிடித்து, இரண்டு குறுக்களவும் சமமாக வந்த பிறகே இறுக்குங்கள்.

அப்படியும் பொருந்தவில்லையா? புது ஓட்டை போடாதீர்கள். இது தேக்கு அல்ல, மரத்தூளைப் பசையில் அழுத்திய பலகை. ஒரு தடவை ஸ்குரூ பிடி விட்டால் அதே இடத்தில் மறுபடி சரியாகப் பிடிக்காது. நீள ஸ்குரூவைத் திணித்தால் மறுபக்கம் பிய்த்துக்கொண்டு வரும். பிறகு, "நீங்கதான் கெடுத்தீங்க" என்று கம்பெனி கை கழுவ இடம் கொடுத்துவிடுவோம்.

போட்டோ எடுத்து, பலகையின் எழுத்தைச் சொல்லி, மாற்றுப் பலகை கேளுங்கள். பில்லையும் பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால், 2020-ம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகளின்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒத்துக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். நடக்கவில்லையா? 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மேலே புதுக்கோட்டையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

3. மூன்றாவது, மிச்சம் என்று தள்ளாதீர்கள்

அலமாரி நின்றுவிட்டது, கையில் ஒரு சின்னத் தகடும் இரண்டு ஸ்குரூவும் மிச்சம். "இது எதுக்கு?" என்று வீசிவிடுகிறோம். பிரியமானவர்களே, அது அலமாரியைச் சுவரோடு பிடிக்கிற தகடாக இருக்கலாம்! 2016 ஜூனில் ஐகியா அமெரிக்காவில் ஏறக்குறைய 2 கோடியே 90 லட்சம் இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சுவரோடு பிணைக்காத அலமாரிகள் கவிழ்ந்து, சிறு பிள்ளைகள் நசுங்கி மரித்திருந்தார்கள். பிள்ளைகள் இழுப்பறையை இழுத்து அதையே படியாக்கி ஏறுவார்கள். பாரமெல்லாம் முன்னுக்கு வரும்போது அலமாரி சாயும்.

அந்தத் தகடு பெட்டியில் வரவில்லையென்றால் ஹார்டுவேர் கடையில் ஒரு ஜோடி எல் ஆங்கிள் வாங்கி, சுவரில் பிளக் அடித்து மாட்டுங்கள். மாட்டுகிறவரை பிள்ளைகளை அந்த அறையில் விடாதீர்கள். ஞாயிறு பள்ளி அறையிலுள்ள அலமாரிக்கும் இதுவே.

சிந்திக்க:
* உங்கள் வீட்டில் சுவரோடு பிணைக்காத அலமாரி எத்தனை?
* அதன் அருகே விளையாடுகிற பிள்ளை யார்?

இந்த வாரமே எழுந்து, ஒவ்வொன்றையும் கையால் அசைத்துப் பாருங்கள்.